பணம் போனதும் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

தைப்பூசக் காவடிக்கு மஞ்சள் புடவை மலிவாகக் கிடைக்கிறது என்று நம்பி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா 1,800 ராண்டைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டார். புடவை வரவில்லை. "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்றவரை நான் விடவில்லை. இங்குள்ள வங்கிகளின் பேஷாப் (PayShap) போன்ற உடனடிப் பரிமாற்றத்தை நாமாகத் திரும்பப் பெற முடியாது. ஆனால் பணம் மோசடிக்காரனின் கணக்கிலேயே இன்னும் கிடந்தால், வங்கியால் அதை முடக்க முடியும்.

உடனே வங்கியின் மோசடிப் பிரிவை அழையுங்கள். எண்ணை வங்கி அட்டையின் பின்புறம் பார்த்து எடுங்கள். இணையத்தில் தேடினால் போலி எண்ணில் மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. அவர்கள் தரும் குறிப்பு எண்ணை அக்கா நாட்காட்டியின் ஓரத்தில் நேரத்தோடு எழுதிவைத்தார். பின்னால் ஒவ்வொரு அழைப்பிலும் அதைத்தான் கேட்டார்கள். உரையாடலையும் ரசீதையும் அழிக்காதீர்கள்.

அடுத்து, காவல் நிலையத்தில் வழக்கு எண் வாங்குங்கள்.

வங்கி கைவிரித்தால், முதலில் அதனிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால், 2024 மார்ச் முதல் இயங்கும் தேசிய நிதிக் குறைதீர்ப்பு அமைப்பிடம் (National Financial Ombud Scheme) கட்டணமின்றி முறையிடலாம்.

அக்காவுக்கு 1,100 ராண்ட் திரும்பியது. மறுவாரமே, "மீதியையும் மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று ஓர் அழைப்பு வந்தது. உங்களுக்கும் வந்தால் உடனே துண்டித்துவிடுங்கள்.