லெவன் பிளஸ்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த பெற்றோருக்கு

தெற்கு லண்டனில் சட்டன் பகுதிக்கு நாங்கள் குடிவந்தபோது மகள் இயர் 4 (எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளின் வகுப்பு) படித்துக்கொண்டிருந்தாள். வீடு கிடைத்தது, பக்கத்திலேயே பள்ளியும் கிடைத்தது, இனி படிப்பைப் பற்றிக் கொஞ்ச காலம் யோசிக்க வேண்டியதில்லை என்று நானும் கணவரும் நினைத்திருந்தோம். ஒரு சாயங்காலம் பள்ளி வாசலில் காத்திருந்தபோது, யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "பிள்ளையை லெவன் பிளஸுக்கு விடுற எண்ணமோ?" என்று கேட்டார். எனக்கு அந்தச் சொல்லே புதிது. நான் விழிப்பதைப் பார்த்து, "எங்கட ஊரில ஐந்தாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதனை மாதிரித்தான். பத்து வயசில எழுதிறது" என்று விளக்கினார். பத்து வயதில் பிள்ளையின் பள்ளியைத் தீர்மானிக்கும் தேர்வு என்பது தமிழ்நாட்டில் படித்த எனக்கு விளங்கவே சில நாள் ஆயிற்று. அவர் அன்று சொன்னதையும் அடுத்த இரண்டு வருடங்களில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு அப்படி ஓர் அக்கா வாசலில் கிடைக்காமல் போகலாம்.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளிலேயே ஒரு வகை கிராமர் ஸ்கூல். கட்டணம் கிடையாது, ஆனால் நுழைவுத் தேர்வு உண்டு. அந்தத் தேர்வுதான் லெவன் பிளஸ். 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்துக்குப் பிறகு நாடு முழுக்க இந்த முறை பரவியது. 1965க்குப் பின் பெரும்பாலான ஊர்கள் இதைக் கைவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளும் காம்ப்ரிஹென்சிவ் பள்ளிகளுக்கு மாறின. 1998ஆம் ஆண்டுச் சட்டம் புதிய கிராமர் ஸ்கூல் தொடங்கவே தடை போட்டது. இப்போது இங்கிலாந்தில் மிச்சம் இருப்பவை 163. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இல்லை. வட அயர்லாந்தில் இருக்கின்றன, ஆனால் அங்கே தேர்வும் விதிகளும் வேறு. தனியார் பள்ளிகளும் பதினொரு வயதில் சேர்வதற்குத் தேர்வு வைக்கின்றன. பேச்சில் அதையும் லெவன் பிளஸ் என்றே சொல்வார்கள். அது கட்டணம் கட்டிப் படிக்கும் பள்ளி, 2025 ஜனவரியிலிருந்து அந்தக் கட்டணத்துக்கு 20 சதவீத வாட் வரியும் சேர்ந்துவிட்டது. நான் எழுதுவது அரசு கிராமர் பள்ளிகளைப் பற்றி மட்டும்.

புத்தகம் வாங்குவதற்கு முன்னால் உங்கள் போஸ்ட்கோடை வைத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் தேர்வு மாறுகிறது, விதியும் மாறுகிறது. பர்மிங்ஹாமில் இருக்கும் சித்தி பிள்ளை சொன்ன புத்தகம் கென்ட்டில் இருக்கும் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். பக்கிங்ஹாம்ஷரில் 13 கிராமர் பள்ளிகள். அங்கே தேர்வில் 121 எடுத்தால் தகுதி, அதற்கு மேல் யாருக்கு இடம் என்பதில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் முக்கியமாகிவிடும். வடக்கு லண்டனில் பார்னெட்டில் உள்ள குயீன் எலிசபெத்ஸ் ஆண்கள் பள்ளிக்கு கேட்ச்மென்ட் எல்லையே, அதாவது இந்தப் பகுதிக்குள் வசிக்க வேண்டும் என்ற வரையறையே, இல்லை. மதிப்பெண் வரிசைதான் பேசும், எங்கிருந்தெல்லாமோ பிள்ளைகள் வந்து எழுதுகிறார்கள். கிங்ஸ்டனில் உள்ள டிஃபின் பள்ளிகள் குறிப்பிட்ட பகுதிக்குள் வசிப்பவர்களுக்கு முன்னுரிமை தருகின்றன. எங்கள் சட்டனில் ஐந்து கிராமர் பள்ளிகள், ஐந்துக்கும் பொதுவாக ஒரு முதல் சுற்றுத் தேர்வு, அதில் தேறியவர்களுக்கு இரண்டாம் சுற்று. ஆகவே "பாஸ்" என்ற சொல்லுக்கு ஓர் ஊரில் அநேகமாக இடம் கிடைப்பது என்று பொருள், இன்னோர் ஊரில் வரிசையில் நிற்க அனுமதி என்று மட்டும் பொருள். உங்கள் பள்ளி எந்த வகை என்று அதன் அட்மிஷன் பாலிசியை, அதாவது சேர்க்கை விதிகளை, படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நான்கைந்து பக்கம்தான் இருக்கும், இணையத்திலேயே கிடைக்கும்.

முகவரி விஷயத்தில் நேர்மையாக இருங்கள். பள்ளி அருகே வாடகைக்கு ஒரு வீட்டைக் காட்டிவிட்டு வேறெங்கோ வசிப்பவர்களை கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) வசூலிக்கும் கவுன்சில் டாக்ஸ் கணக்கை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறவும் அதிகாரம் உண்டு. அந்தப் பாரத்தைச் சுமக்கப் போவது பிள்ளை.

தேதிகள்

நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இங்கேதான். பள்ளிச் சேர்க்கை என்றதும் ஏப்ரல், மே என்று மனம் கணக்குப் போடுகிறது. இங்கே பிள்ளை இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான இயர் 7க்குப் போவது ஒரு செப்டம்பரில் என்றால், தேர்வு அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே, அதாவது இயர் 6 தொடங்கியதும் நடந்துவிடும். தேர்வுக்குப் பெயர் பதிவது அதற்கும் முன்னால், இயர் 5 முடியும் கோடையில். பெரும்பாலான இடங்களில் மே, ஜூன் மாதங்களில் பதிவு திறக்கும், சில இடங்களில் ஜூலை தொடக்கத்திலேயே மூடிவிடும். பக்கிங்ஹாம்ஷர் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெயர் தானாகவே சேர்ந்துவிடும். கென்ட்டில் அப்படி இல்லை, அந்த ஊர்ப் பள்ளியில் படித்தாலும் பெற்றோர்தான் பதிய வேண்டும். கெடு தாண்டினால் அநேகமாக அந்த வருடம் கதவு மூடியதுதான். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பள்ளியிலிருந்து கடிதம் வரும் என்று காத்திருந்தே தேதியைத் தவறவிட்டது. அரசுத் தொடக்கப் பள்ளி இந்தத் தேர்வுக்குத் தயார் செய்யும் என்றோ, நினைவூட்டும் என்றோ எதிர்பார்க்காதீர்கள்.

தேர்வு எழுதினால் மட்டும் போதாது. அக்டோபர் 31க்குள் உங்கள் வீடு இருக்கும் கவுன்சிலில் இடைநிலைப் பள்ளிக்கான பொது விண்ணப்பத்தையும் போட வேண்டும். பள்ளி பக்கத்துக் கவுன்சிலில் இருந்தாலும் விண்ணப்பம் உங்கள் கவுன்சிலுக்குத்தான். தேர்வின் முடிவை இயன்றவரை அந்தத் தேதிக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வரிசையை எழுதலாம். லண்டனில் ஆறு பள்ளிகள் வரை எழுத இடம் உண்டு. முதலில் எழுதினால்தான் பள்ளி மதிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நீங்கள் எந்த வரிசையில் எழுதினீர்கள் என்பது பள்ளிக்குத் தெரியாது. உண்மையாக எது வேண்டுமோ அதை மேலே எழுதுங்கள். கடைசி ஒன்றிரண்டு இடங்களில் கட்டாயம் கிடைக்கக்கூடிய பக்கத்துப் பள்ளியை எழுதுங்கள், இதை மறக்கவே கூடாது. மார்ச் 1 அன்று, அது விடுமுறை நாளானால் அடுத்த வேலை நாளில், எந்தப் பள்ளி என்று தெரியவரும்.

என்ன படிக்க வேண்டும்

ஆங்கிலம், கணக்கு, வெர்பல் ரீசனிங் (சொற்களை வைத்து யோசிப்பது), நான்-வெர்பல் ரீசனிங் (படங்களையும் வடிவங்களையும் வைத்து யோசிப்பது) என்று நான்கு பிரிவுகள். எல்லா ஊரிலும் நான்கும் இருக்காது. சட்டனின் முதல் சுற்றில் ஆங்கிலமும் கணக்கும் மட்டுமே. பல ஊர்களுக்கு வினாத்தாள் தயாரிப்பது ஜிஎல் அசெஸ்மென்ட் என்ற நிறுவனம். அவர்களே மாதிரித் தாள்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அவற்றைத்தான் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கணக்கு வந்துவிடும் என்று ஓர் எண்ணம் உண்டு. கூட்டல், பெருக்கல் வாய்ப்பாட்டில் உண்மைதான். ஆனால் நீள் வகுத்தலை நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது மகள், "அம்மா, மிஸ் இப்படிச் செய்ய மாட்டாங்க, பஸ் ஸ்டாப் போடணும்" என்றாள். வகுபடும் எண்ணின் மேல் கூரை போல ஒரு கோடு, அதன் தலையில் விடை. பேருந்து நிழற்குடை மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். நான் என் வழியை விட்டுவிட்டு அவளுடைய வழியைக் கற்றுக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு முறைகளைப் போட்டுக் குழப்புவதைவிட அது எளிது. லட்சத்துக்கு நாம் 1,00,000 என்று காற்புள்ளி போடுவோம், இங்கே 100,000. மைல், பைன்ட், பென்ஸ் எல்லாம் கேள்வியில் வரும். கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறை வாங்கி வரச் சொன்னாலே பாதி பழகிவிடும்.

உண்மையான மலை ஆங்கிலம்தான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை பள்ளி ஆங்கிலத்தை ஒரே வருடத்தில் சரளமாகப் பேசிவிடும். அதைப் பார்த்து நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனால் விளையாட்டு மைதானத்தில் பேசும் ஆங்கிலம் வேறு, தேர்வில் நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கதைப் பகுதியைக் கொடுத்து, இந்தப் பாத்திரத்தின் மனநிலை என்ன என்று கேட்கும் ஆங்கிலம் வேறு. வெர்பல் ரீசனிங்கிலும் சொல்வளம்தான் அடிப்படை. பேங்க் என்றால் பணம் போடும் இடம் மட்டுமல்ல, ஆற்றங்கரையும் அதுதான் என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி பத்து விநாடி வேலை. தெரியாத பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும் அங்கே நின்றுவிடும்.

இதற்குப் பயிற்சிப் புத்தகம் மருந்தல்ல. வாசிப்புதான். வட்டார நூலகத்தில் பிள்ளைக்கு அட்டை இலவசம். நாங்கள் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளி முடிந்ததும் அப்படியே நூலகத்துக்குப் போய் வருவோம். இரவு எட்டு மணிக்கு இருபது நிமிடம் அவள் சத்தமாக வாசிப்பாள், நான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டே கேட்பேன். தெரியாத சொல் வந்தால் நிறுத்துவோம். ஒருநாள் 'ரிலக்டன்ட்லி' என்று ஒரு சொல். அகராதியில் இருந்த ஆங்கில விளக்கம் அவளுக்கு ஒட்டவில்லை. "நீ மனசே இல்லாம பாகற்காய் சாப்பிடுவியே, அதுதான்" என்றேன். அந்தச் சொல்லை அவள் பிறகு மறக்கவேயில்லை. அதன்பின் ஒரு நோட்டில் ஆங்கிலச் சொல், பக்கத்தில் தமிழ், அதற்குக் கீழே அவளே எழுதிய ஒரு வாக்கியம் என்று நாளுக்கு நாலு சொல் எழுதிவந்தாள். தேர்வுக்காகத் தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிடுங்கள் என்று பலர் சொல்வார்கள். நாங்கள் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள் என்றே கேட்டுக்கொள்வேன். தமிழில் ஒரு பொருள் பிள்ளைக்குப் பிடிபட்டிருந்தால், ஆங்கிலத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்தால் போதும்.

எப்போது தொடங்குவது? வாசிப்பை இன்றைக்கே, எந்த வயதானாலும். மாதிரித் தாள்களை இயர் 5 தொடக்கத்தில் எடுத்தால் போதும், நாளுக்கு அரை மணி நேரம். ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பயிற்சி வகுப்பு தேடும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயதுக்குக் கதை போதும், நிழல் விழும் திசையைக் கவனிப்பது போதும், புள்ளிக் கோலம் போட்டு மறுபாதியை நிரப்புவது போதும். நான்-வெர்பலில் வரும் சமச்சீர்க் கேள்விகளுக்குக் கோலத்தைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

விடைத்தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பல தேர்வுகளில் விடையைக் கேள்வித்தாளில் எழுதுவதில்லை. தனித் தாளில் சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றுள் பென்சிலால் ஒரு கோடு. கணினிதான் திருத்தும். ஒரு மாதிரித் தேர்வில் மகள் 14ஆம் கேள்வி கடினம் என்று விட்டுவிட்டு, 15க்கான விடையை 14இன் கட்டத்தில் போட்டாள். அதிலிருந்து கடைசி வரை எல்லாம் ஒரு படி தள்ளியே போனது. வீட்டில் வைத்துப் பார்த்தால் அவள் தேர்ந்த விடைகள் பெரும்பாலும் சரி, மதிப்பெண் மட்டும் பாதாளத்தில். அன்று முதல் ஐந்து கேள்விக்கு ஒருமுறை விரல் வைத்து எண்ணைச் சரிபார்க்கப் பழக்கினோம். தெரியாத கேள்விக்கும் ஒரு கோடு போட்டுவிட்டு, கேள்வித்தாளில் சின்ன வட்டம் போட்டுக்கொண்டு நகர வேண்டும். வீட்டுப் பயிற்சியையும் தனி விடைத்தாளில்தான் செய்ய வேண்டும்.

ஆகஸ்டில் பிறந்த பிள்ளை செப்டம்பரில் பிறந்த பிள்ளையைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது இளையது. ஆனால் இருவரும் ஒரே வகுப்பு. பல தேர்வுகளில் வயதைக் கணக்கிட்டு மதிப்பெண்ணைச் சரிசெய்கிறார்கள், அதனால் கோடையில் பிறந்த பிள்ளையின் பெற்றோர் பின்வாங்க வேண்டாம்.

டியூஷன் கட்டாயமா? இல்லை. நேரமும் பொறுமையும் உள்ள பெற்றோர் வீட்டிலேயே செய்யலாம். நாங்கள் ஒரு சென்டரில் நாலு மாதம் சேர்த்தோம். வாரம் நாற்பது பக்க வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், ஆனால் யாரும் திருத்திப் பார்க்கவில்லை. எங்கே தவறுகிறாள் என்று கேட்டால் "இன்னும் பயிற்சி வேண்டும்" என்பதே பதில். நிறுத்திவிட்டு, தவறிய கேள்விகளை மட்டும் ஒரு நோட்டில் ஒட்டி வாரக் கடைசியில் திரும்பச் செய்தோம். சேர்ப்பதென்றால், பிள்ளையின் தவறுகளைப் பெயர் சொல்லிச் சொல்லக்கூடிய ஆசிரியரிடம் சேருங்கள். தேர்வுக்கு முன் இரண்டு மாதிரித் தேர்வுகளை வேறு இடத்தில் உட்கார்ந்து எழுதுவது நல்லது. பெரிய ஹாலும் முன்பின் தெரியாத பிள்ளைகளும் பழகிவிடும்.

இயர் 5 கோடை விடுமுறையில் ஒரு ராத்திரி மகள் கேட்டாள், "எனக்குக் கிடைக்கலன்னா அப்பா கோவிச்சுக்குவாங்களா?" அவர் ஒருநாளும் அவளைத் திட்டியதில்லை. ஆனால் மூன்று மாதமாக வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் பேசியதெல்லாம் மதிப்பெண்தான். அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்று முதல் சாப்பிடும்போது தேர்வுப் பேச்சு இல்லை என்று முடிவெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை முழு விடுமுறை. அப்புறம், செப்டம்பரில் பக்கத்து காம்ப்ரிஹென்சிவ் பள்ளியின் ஓப்பன் ஈவனிங்குக்கும் (பெற்றோரும் பிள்ளைகளும் பள்ளியைச் சுற்றிப் பார்க்கும் மாலை) அவளை அழைத்துப் போனோம். அங்கே மண்பாண்டம் சுடும் சூளை ஒன்று இருந்தது. ஒரு பெரிய பெண் தான் செய்த குவளையை இவள் கையில் கொடுத்து, இன்னும் சூடு இருக்கிறது பார் என்றாள். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குவளையின் பேச்சுதான். கிராமர் பள்ளியைப் பார்க்கும் முன்பே பக்கத்துப் பள்ளியைப் பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். அதைத் தண்டனை போலப் பேசாதீர்கள், உங்கள் பிள்ளை அங்கே ஏழு வருடம் படிக்க நேரலாம்.

என் மகள் முதல் சுற்றில் தேறினாள். இரண்டாம் சுற்றின் மதிப்பெண் வரிசையில் அவளுக்கு இடம் எட்டவில்லை. மார்ச் 1 அன்று அந்தச் சூளை இருக்கும் பள்ளிதான் வந்தது. அன்றைக்கு ஒரு மணி நேரம் அழுதாள், நானும் அழுதேன். பிறகு காத்திருப்போர் பட்டியலில் பெயரை வைத்துவிட்டு, அந்தப் பள்ளியின் சீருடையை வாங்கி வந்தோம்.

நீங்கள் இயர் 6இல் வந்து சேர்ந்தவர் என்றாலோ, பதிவுக் கெடு போய்விட்டது என்றாலோ, பள்ளியின் அட்மிஷன்ஸ் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்குத் தாமதத் தேர்வு வைக்கும் இடங்கள் உண்டு. நடுவில் இடம் காலியானால் இயர் 8, இயர் 9 அளவில் தேர்வு வைத்துச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. அதுவும் தவறினால் 16 வயதில் சிக்ஸ்த் ஃபார்ம் (நம் பிளஸ் ஒன், பிளஸ் டூ போன்ற கடைசி இரண்டு வருடங்கள்) இருக்கிறது. இயர் 11 முடிவில் எழுதும் ஜிசிஎஸ்இ பொதுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்து வெளிப் பிள்ளைகளைப் பல கிராமர் பள்ளிகள் அப்போது சேர்த்துக்கொள்கின்றன, அதற்கு லெவன் பிளஸ் எழுதியிருக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் இயர் 11இன் இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடும். அந்தத் தேதியையும் இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.