இன்சுலின் உறைந்தால்

வெயிலுக்குப் பயந்து ஃபிரிட்ஜ் குமிழைக் கடைசிவரை திருப்பிவிடுவது சென்னையில் வழக்கம். எங்கள் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் இன்சுலின் கெட்டது சூட்டால் அல்ல, குளிரால். ஃப்ரீசருக்கு அடியில், பின்சுவரை ஒட்டியிருந்த குப்பிகள் உறைந்துவிட்டன. கலங்கலாக இருக்கும் வகை இன்சுலின் உறைந்து உருகினால், உள்ளங்கையில் உருட்டினாலும் வெண்திட்டுகள் கண்ணாடியில் ஒட்டி நிற்கும். தெளிந்த வகையில் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். ஆகவே அந்த வரிசை முழுக்கக் கழிவுதான்.

குமிழை நடுவில் வைத்தேன். குப்பிகளை அட்டைப்பெட்டியோடு நடுத்தட்டுக்கு, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி மாற்றினேன். அடித்தட்டில் தண்ணீர் பாட்டில்கள். கரண்ட் போனால் குளிரைப் பிடித்துவைக்கும். வெப்பமானி முனை குப்பிகளுக்கு நடுவே. காலையிலும் மாலையிலும் அது பதிந்துவைத்த குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலை இரண்டையும் எழுதிவிட்டு ரீசெட் செய்யணும்: 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும்.