அட்டை இருக்கிறது, பெயரைக் காணோம்

2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அட்டையோடு வரிசையில் நின்றேன். பட்டியலில் பெயர் இல்லை. அட்டை இல்லாவிட்டால் ஆதார், பாஸ்போர்ட் காட்டி ஓட்டுப் போடலாம். பெயர் இல்லாவிட்டால் எதைக் காட்டியும் பயனில்லை.

வீடு மாறியபோது, முகவரி மாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்காமல் விட்டிருந்தேன். பழைய தெருவில் ஆளில்லை என்று நீக்கிவிட்டார்கள். பாதித் தப்பு என்னுடையதுதான். சரி, நீக்கிய பிறகு, புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 தான் வழி. கரன்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்ததால், புது முகவரி ஏறிய வங்கிப் பாஸ்புக்கைக் கொடுத்தேன். விசாரிக்க வந்த வாக்குச்சாவடி நிலை அலுவலர் பழைய அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, "இது நீங்களா சார்?" என்றார். அடுத்த மாதம் பெயர் ஏறியது. போட்டோ இந்த முறை பரவாயில்லை.