செக் கேஸ்: எதிரித் தரப்பு (குற்றம் சாட்டப்பட்டவர்) வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

செக் பணமில்லாமல் திரும்பியதற்கான 138-ஆம் பிரிவில் சம்மன் வந்ததும் பலரும் "செக் தொலைந்துபோனது", "வெறும் கையெழுத்து போட்டுத்தான் கொடுத்தேன்" என்று காரணம் தேடுகிறார்கள். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் வாசகத்தையும் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே இல்லை.

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் பணம் கேட்டு நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். முதல் இரண்டும் நாள் கணக்கு. கடைசியாக வருவது மாதம். காலண்டர் மாதம், 30 நாள் அல்ல. சாகேத் இந்தியா வழக்கில் நோட்டீஸ் சேர்ந்தது செப்டம்பர் 29. அந்த நாளைத் தள்ளிவிட்டு எண்ணினால் 15 நாள் அக்டோபர் 14-இல் முடிகிறது. அக்டோபர் 15-இல் வழக்குமூலம், அதாவது வழக்குப் போடும் உரிமை, பிறக்கிறது. புகார் தாக்கலானது நவம்பர் 15. நாளாக எண்ணினால் 31 வரும். ஆனாலும் புகார் கெடுவுக்குள் வந்ததுதான் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகார் உண்மையிலேயே தாமதமானாலும், தக்க காரணம் காட்டினால் மன்னிக்க 142-ஆம் பிரிவில் வழி உண்டு. நோட்டீஸின் 30 நாளுக்கு அப்படி ஒரு வாசகம் கிடையாது. தோண்ட வேண்டிய இடம் அதுதான்.

அதிலும் அவசரப்படக் கூடாது. நோட்டீஸ் 31-ஆம் நாள் போயிருக்கிறது என்று பதில் நோட்டீஸில் பெருமையாக எழுதினால், செக்கின் 3 மாத ஆயுள் முடியாதவரை புகார்தாரர் மறுபடி வங்கியில் போட்டுப் புது நோட்டீஸ் விடுவார். உச்ச நீதிமன்றத்தின் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் தீர்ப்புக்குப் பிறகு (2012) அதற்குத் தடையில்லை. நம் வாயாலேயே அவர் தவறைத் திருத்திக் கொடுத்த கதைதான்.

அடுத்தது 138-இல் வரும் "மேற்படி தொகை" என்ற சொல். நோட்டீஸ் செக்கில் உள்ள தொகையைக் கேட்க வேண்டும். 1 கோடி செக்குக்கு 2 கோடி கேட்ட நோட்டீஸ் செல்லாது என்று 2025-இல் தீர்ப்பானது. தட்டச்சுப் பிழை என்ற சமாதானம் எடுபடவில்லை. இதைக் கேட்டுவிட்டு, வட்டியோ நோட்டீஸ் செலவோ சேர்ந்திருந்தாலே நோட்டீஸ் போச்சு என்று வாதாடுவது தப்பு. செக் தொகையைத் தனியாகக் காட்டி, மற்றவற்றை வேறாகக் கேட்டிருந்தால் நோட்டீஸ் நிற்கும். ஆகவே மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் பத்தி பத்தியாகப் படியுங்கள்.

கம்பெனி செக்கில் 141-ஆம் பிரிவின் ஒரு "மற்றும்" முக்கியம். சம்பவ காலத்தில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர், மற்றும் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்: இரண்டும் சேர வேண்டும். செக்கில் கையெழுத்திடாத டைரக்டர் மேல் புகாரில் இது சொல்லப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமலே பலர் விசாரணைக்குப் போய்விடுகிறார்கள்.

வெற்று செக் வாதமா? கையெழுத்தை ஒப்புக்கொண்டால், கடனுக்காகத்தான் செக் தரப்பட்டது என்ற 139-இன் அனுமானம் வந்துவிடும். வேறு யாரோ தொகையை நிரப்பினார்கள் என்பது மட்டும் அதை உடைக்காது. கடன் கொடுக்கப் புகார்தாரரிடம் பணம் இருந்ததா, கணக்கில் காட்டினாரா என்று குறுக்கு விசாரணையில் கேளுங்கள்.