கதவைத் தட்டுவதற்கு முன்னால்

எங்கள் வழிபாட்டுக் கூடத்தின் சாவியும் வருகைப் பதிவேடும் பதினெட்டு வருஷமாக என் பொறுப்பில் இருக்கின்றன. ஒரு மாலை, விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டப் போகும்போது மூன்று பேர் வந்து நின்றார்கள். புதிதாக வர ஆரம்பித்திருக்கிறவர்களின் பெயரும் விலாசமும் வேண்டும் என்றார்கள். கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் குரலை உயர்த்தாமல், நிதானமாகவே சொன்னார்கள். என் கையிலிருந்த சாவிக்கொத்து குலுங்க ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. "நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் இவள் கொடுத்துவிடுவாள் என்று அவர்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கே அது புரிந்தது. தினமும் இருவேளை பிரார்த்தனை செய்கிறவள் நான். அந்த அரை நிமிஷத்தில் அது எதுவும் நாக்குக்கு வரவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் கற்றுக்கொண்டதை, இதே இடத்தில் நிற்கிறவர்களுக்காக எழுதுகிறேன். என் மதம் எது என்று சொல்லப்போவதில்லை. எந்த மதத்தைச் சேர்ந்தவருக்கும் கை நடுங்குவது ஒரே மாதிரிதான்.

முதலில் எல்லையைப் போட்டுவிடுங்கள். 'என் நம்பிக்கையை விட்டுக்கொடுக்க மாட்டேன்' என்று தீர்மானித்தால் போதாது. அது பெரிய வார்த்தை. மிரட்டுகிறவன் எதிரில் நிற்கும்போது பெரிய வார்த்தைகள் எல்லாம் கரைந்துபோகும். கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றாக எல்லை இருக்க வேண்டும். என்னுடைய எல்லை, யாருடைய பெயரையும் கொடுக்க மாட்டேன் என்பது. சாவியைக் கேட்டால் கொடுத்துவிடுவேன். உண்டியலைக் கேட்டாலும் கொடுத்துவிடுவேன். கட்டடத்தை உடைத்தால் குறுக்கே நிற்க மாட்டேன். இதையெல்லாம் ஒரு தாளில் இரண்டு பத்தியாக எழுதினோம்: விடக்கூடியவை, விடமுடியாதவை. விடமுடியாத பக்கத்தில் கடைசியில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சியது. எல்லாவற்றையும் காப்பாற்ற நினைக்கிறவர் களைத்துப்போய் எதையோ ஒன்றைக் கொடுத்துவிடுவார். கொடுத்தது அந்த ஒன்றாகவே இருந்துவிட்டால் என்ன செய்வது?

பிரான்ஸில் லெ ஷாம்போன் என்றொரு மலைக்கிராமம் இருக்கிறது. அங்கே ஆந்த்ரே த்ரோக்மே என்ற போதகர் இருந்தார். 1940 ஜூனில், பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்து கையெழுத்திட்ட மறுநாள், தன் சபையாரிடம் அவர் பேசினார்: மனசாட்சியின் மேல் வன்முறை வந்தால் ஆன்மாவின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்க வேண்டும் என்றார். இரண்டு வருஷம் கழித்து, 1942 ஆகஸ்டில், ஒளிந்திருக்கும் யூதர்களின் பட்டியலைக் கேட்டு போலீஸ் வந்தது. யூதர் என்றால் யார் என்று தெரியாது, எங்களுக்கு மனிதர்களை மட்டுமே தெரியும் என்று மறுத்துவிட்டார். அந்தப் பதில் அன்றைக்குத் தோன்றியதல்ல. இரண்டு வருஷமாகக் கதவு கதவாக அகதிகளை உள்ளே அழைத்துக்கொண்டிருந்த ஊரின் பதில் அது. ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே பிழைத்தார்கள். அதற்காக விலை கொடுத்தவர்களும் உண்டு. மாணவர்களோடு கைதான அவருடைய உறவினர் தானியேல் த்ரோக்மே 1944இல் மைதானெக் என்ற நாஜி வதைமுகாமில் இறந்தார். தைரியமாக நின்றால் ஒன்றும் ஆகாது என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எல்லை முடிவானதும் அதை ஒரே வாக்கியமாக ஆக்கி, வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது உதவாது. நாக்கு உலர்ந்திருக்கும்போது வருவது, நாக்குக்கு ஏற்கெனவே பழகியது மட்டும்தான்.

அக்காதான் எனக்குப் பழக்கிவிட்டாள். மேசைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "லிஸ்ட் எங்கே?" என்று கேட்டாள். நான் தொடங்கினேன்: "அது வந்து... எல்லார்கிட்டயும் கேட்காம நான் எப்படி..." உடனே நிறுத்தினாள். "காரணம் சொல்லாதே. காரணம் சொன்னா அதுக்கு அவன்கிட்ட ஒரு பதில் இருக்கும். கேட்டுட்டு வா, நான் நிக்கிறேன்பான். அப்ப என்ன பண்ணுவ?" மறுபடி கேட்டாள். இந்த முறை முகத்துக்கு அருகே வந்தாள், மூச்சு என் கன்னத்தில் படும் அளவுக்கு. சட்டென்று மேசையை ஓங்கி அடித்தாள். கூடப்பிறந்தவள் அடித்த சத்தம் என்று தெரிந்தும் என் தோள்கள் காதுவரை தூக்கிக்கொண்டன. கடைசியில் வந்து நின்ற வாக்கியம் இதுதான்: "பெயர் தரமாட்டேன். என்னை நம்பி வந்தவங்க." அன்று ராத்திரி பதினோரு முறை சொன்னேன். ஒன்பதாவது முறையில்தான் குரல் தழைந்து, என் குரலாக வந்தது.

இப்படிப் பழகுவது நாடகம் போலத் தோன்றலாம். ஆனால் 1959-60இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஜேம்ஸ் லாசன் என்ற மெதடிஸ்ட் ஊழியர் ஒரு தேவாலயத்தில் வைத்து மாணவர்களுக்குச் செய்வித்தது இதைத்தான். வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக்கூடங்களில் போய் உட்காரத் துணிந்தவர்கள் அவர்கள். பாதிப்பேர் அடிக்கிறவர்களாக நடிப்பார்கள்: நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள், முகத்தில் புகை ஊதுவார்கள், கேட்கக் கூசும் வசவுகளைக் கொட்டுவார்கள். மீதிப்பேர் திருப்பி அடிக்காமல், திட்டாமல், நிமிர்ந்து உட்காரப் பழகினார்கள். கீழே விழுந்தால் தலையை எப்படிக் காத்துக்கொள்வது என்பதுகூடப் பாடத்தில் இருந்தது. 1960 பிப்ரவரியில் உண்மையான அடி விழுந்தபோது அவர்களால் உட்கார முடிந்தது. அந்த வருஷம் மே மாதத்தில் அந்தக் கடைகள் எல்லாருக்கும் பரிமாறத் தொடங்கின.

பிரார்த்தனையையும் இதே மாதிரி சின்னதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீளமான துதி அந்த நேரத்தில் பாதியில் அறுந்துபோகும். ஒரு மூச்சில் அடங்கும் நாமம், ஒரு வரி, அவ்வளவுதான் வேண்டும். அப்பரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்து வைத்தார்கள் என்று சொல்லுவார்களே, அவரிடம் அங்கே இருந்தது ஐந்தெழுத்து. அல்லாஹ்வின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லி திக்ர் செய்கிறவர்களும், இயேசுவின் பெயரை மூச்சோடு சேர்த்துச் சொல்லும் துறவிகளும் அதே வழியில் வந்தவர்கள்தான். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி, விடும்போது அந்த நாமத்தைச் சொல்லுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும். தினமும் செய்கிற ஏதாவது ஒரு காரியத்தோடு இதைக் கட்டிப்போடுங்கள். நான் பூட்டில் சாவியைத் திருகும்போதெல்லாம் சொல்கிறேன்.

இப்படிச் செய்தால் பயம் போய்விடும் என்று நினைத்துவிடாதீர்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டுக்கு 1956 ஜனவரி 27 ராத்திரி ஒரு தொலைபேசி மிரட்டல் வந்தது. அவர் தூக்கம் வராமல் சமையலறையில் காபிக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்து, தான் தளர்ந்துவிட்டதாகக் கடவுளிடம் வாய்விட்டே சொன்னார். வீரமாக எதையும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள், தப்பினார்கள். ஆயுதங்களோடு கூடிவிட்ட தன் ஆட்களிடம், அவற்றை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். சமையலறையில் தளர்ந்துபோன மனிதர்தான் வாசலில் அப்படிப் பேசினார். அந்த இரண்டையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

கைவேலைகள் சிலவும் உண்டு; வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எவருக்காவது ஆபத்தாக முடியக்கூடிய பட்டியலை வைத்திருக்காதீர்கள். எங்கள் பதிவேட்டில் பெயரும் விலாசமும் எழுதுவதை மறுநாளே நிறுத்தினோம், பழைய பக்கங்களைக் கிழித்து எரித்தோம். என்னிடம் இல்லாததை என்னை அடித்தும் வாங்க முடியாது. மிரட்டல் கடிதம் வந்தால் ஓரத்தைப் பிடித்து எடுத்து உறையில் போட்டு வையுங்கள், நாலு பேர் கையில் சுற்றவிடாதீர்கள். தொலைபேசி மிரட்டல் என்றால் நேரத்தையும் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே எழுதுங்கள். அரைமணி நேரம் போனால் நினைவு மாறிவிடும். புகாரை எழுத்தில் கொடுத்து நகலை வெளியாள் ஒருவரிடம் ஒப்படையுங்கள். பூட்டவும் திறக்கவும் இரண்டு பேராகப் போங்கள். குழந்தைகள் தொலைபேசியை எடுக்க வேண்டாம்.

பொய் சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. லெ ஷாம்போனில் பொய் அடையாள அட்டைகள் தயாரித்தார்கள். ஒளிந்திருப்பவர்களின் உயிருக்காகச் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்கு மட்டும் 'தரமாட்டேன்' என்பதே சுலபமாக இருந்தது. பொய்யை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், இதற்கு அந்தப் பாரம் இல்லை.

வீட்டாரிடம் மறைக்காதீர்கள். இதில் நான் தவறினேன். மூன்று நாள் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். ஆபத்து அவர்களுக்கும்தானே? முடிவில் அவர்களுக்குப் பங்கு வேண்டும். ஃபிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் என்ற ஆஸ்திரிய விவசாயி, ஹிட்லரின் படையில் போரிடுவது பாவம் என்று மறுத்து 1943 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்டார். அவருக்கு மூன்று சின்னப் பெண்கள். மனைவி ஃபிரான்ஸிஸ்கா முதலில் தடுத்துத்தான் பார்த்தார், பிறகு உடன் நின்றார். போர் முடிந்த பிறகும் பல வருஷம் அக்கம்பக்கத்தாரின் பழிச்சொல்லைத் தாங்கியவர் அவர். 2007இல் கத்தோலிக்கத் திருச்சபை கணவருக்குப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டத்தைக் கொடுத்தபோது, தொண்ணூற்று நான்கு வயதில் அதைக் கண்ணால் பார்த்தார். தியாகம் என்று நாம் பேசும்போது பெரும்பாலும் ஒருவர் பெயரை மட்டும் சொல்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

மிரட்டுகிறவர் எதிரில் நிற்கும்போது என்ன செய்வது? ஓட வழியிருந்தால் ஓடுங்கள், மற்றவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடுங்கள். வழியில்லை என்றால் கைகள் தெரியும்படி வையுங்கள், மெதுவாகப் பேசுங்கள், அவரை மனிதராகவே நடத்துங்கள். 2013 ஆகஸ்ட் 20 அன்று அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலப் பள்ளி ஒன்றில் துப்பாக்கியோடு ஓர் இளைஞன் நுழைந்தான். அலுவலகத்தில் இருந்த அன்டோனெட் டஃப், கணக்கு வழக்கு பார்க்கிறவர், என்னைப் போல. தன்னைக் கணவர் விட்டுப்போனதை, தானும் சாக நினைத்ததை அவனிடம் சொன்னார். உன்மேல் எனக்கு அன்பு இருக்கிறது என்றார். ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் படுக்கச் சொன்னார், அவன் படுத்தான். ஒரு பிள்ளைக்கும் காயமில்லை. உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே பிரார்த்தித்ததாகவும், நங்கூரம் போல ஊன்றி நிற்பதைப் பற்றித் தன் போதகர் கற்பித்ததை நினைத்துக்கொண்டதாகவும் பிறகு சொன்னார். இது எல்லாரிடமும் பலிக்கும் உத்தி அல்ல. ஆனால் ஆத்திரமான வார்த்தை எந்தத் துப்பாக்கியையும் கீழே இறக்கியதில்லை.

ஒருவருக்கொருவர் ஒட்டி நிற்பதும் ஒரு வழி. கென்யாவில் மண்டேராவுக்குப் போன பேருந்தை 2015 டிசம்பரில் ஆயுததாரிகள் நிறுத்தி, முஸ்லிம்கள் தனியே பிரிந்து நிற்க வேண்டும் என்றார்கள். பிரிந்து நின்றால் என்ன நடக்கும் என்று அந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். ஒரு வருஷம் முன்புதான் அப்படிப் பிரித்து 28 பேரைக் கொன்றிருந்தார்கள். இந்த முறை முஸ்லிம் பயணிகள் பிரிய மறுத்தார்கள். பெண்கள் தங்கள் முக்காட்டைக் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். கொன்றால் எல்லாரையும் கொல்லுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள் என்றார்கள். அதில் சுடப்பட்ட ஆசிரியர் சாலா ஃபாரா அடுத்த மாதம் மருத்துவமனையில் இறந்தார்.

போய்விடுவது கோழைத்தனம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முகம்மது நபி மக்காவை விட்டு மதீனாவுக்குப் போனார். குழந்தை இயேசுவை எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கண்ணன் மதுரா மக்களைத் துவாரகைக்கு அழைத்துப் போனான். அல்ஜீரியாவில் திபிரின் மடத்துத் துறவிகள் இருந்தேவிட முடிவு செய்தார்கள். ஏழு பேர் 1996 மார்ச்சில் கடத்தப்பட்டு உயிரிழந்தார்கள். அவர்களிடம் எனக்குப் பிடித்தது, தலைவர் ஒருவரின் கட்டளையால் அங்கே இருக்கவில்லை என்பது. கூடிப் பேசி, ஒவ்வொருவரையும் கேட்டு, ஒரு தடவைக்குப் பல தடவை வாக்களித்து முடிவெடுத்தார்கள். நீங்களும் அப்படிக் கேளுங்கள், போகிறேன் என்பவரை வாழ்த்தி அனுப்புங்கள். எங்களில் இரண்டு குடும்பம் போனது. இன்றும் கடிதப் போக்குவரத்து இருக்கிறது.

அந்த ஆட்கள் ஐந்தாம் நாள் மறுபடி வந்தார்கள். இந்த முறை அக்கா பக்கத்தில் நின்றாள். வாக்கியத்தைச் சொன்னேன். ஒருவன் பதிவேட்டைப் பிடுங்கிப் புரட்டினான், பெயரோ விலாசமோ எதுவும் இல்லாததைப் பார்த்து என் காலடியில் எறிந்தான். சாவியைக் கேட்டான், கொடுத்தேன். மூன்று வாரம் வெவ்வேறு வீடுகளில் கூடினோம். நடுக்கம் அன்று வரவில்லை. அடுத்த நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. உங்களுக்கும் அப்படித் தாமதமாக வரலாம். அந்த நேரத்தில் தனியாக இருக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எவ்வளவு பழகினாலும் சிலர் கொடுத்துவிடுவார்கள். அடி தாங்க முடியாமல், பிள்ளையை நினைத்து. நீங்கள் அப்படிக் கொடுத்துவிட்டால் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ளாதீர்கள், அதற்கு நேரமில்லை. யார் பெயரைச் சொன்னீர்களோ அவர்கள் வீட்டுக்கு அன்று ராத்திரியே செய்தி போக வேண்டும்: உங்கள் பெயரை நான் சொல்லிவிட்டேன், இன்றைக்கு இங்கே தூங்காதீர்கள். நீங்களே போனால் பின்தொடர்வார்கள் என்று தோன்றினால் வேறொருவரை அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்பதையும் கடவுளிடம் அழுவதையும் அவர்கள் பத்திரமான இடத்துக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளலாம்.