டர்போ இல்லாத ரோட்டரி காரில் வலுவைக் கூட்ட எங்கிருந்து தொடங்குவது?

மஸ்டா ஆர்எக்ஸ்-8, பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத கார். கொழும்பில் அதை வாங்கும் பலர் முதலில் கேட்பது, "எந்த ஏர் ஃபில்டர் போட்டால் பவர் கூடும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஃபில்டருக்கும் சைலன்சருக்கும் செலவழித்த பிறகுதான் பிளக்குகளுக்கு மின்பொறி தரும் நான்கு இக்னிஷன் கொயில்களில் ஒன்று சாகக் கிடந்தது தெரிந்தது. ஜப்பானில் இந்தக் காரின் டைப் எஸ் மொடல் 250 குதிரைவலுவோடு விற்பனையானது. இன்று நம் கைக்கு வரும் காரில் அதில் எவ்வளவோ தொலைந்திருக்கும். முதலில் அதை மீட்க வேண்டும்.

முதல் படி, கொம்பிரஷன் டெஸ்ட், அதாவது எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது. ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள் இருப்பதால் சாதாரண பிஸ்டன் எஞ்சின் கேஜ் போதாது, மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர்தான் வேண்டும். பற்றரி முழுச் சார்ஜில், எஞ்சின் சூடாக இருக்கும்போது பாருங்கள். 250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 250 சுற்று) 830 கிலோபாஸ்கல் நல்ல அளவு. 680க்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரித்துச் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது, வேறு எதற்கும் காசு செலவழிக்காதீர்கள்.

இரண்டாவது இக்னிஷன். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். ரோட்டர் ஒன்றுக்கு இரண்டு பிளக், கீழே லீடிங், மேலே ட்ரெய்லிங். ஒவ்வொன்றுக்கும் தனிக் கொயில். கொயில் மெதுவாகத்தான் பலவீனமாகும், அதனால் ஓட்டுபவருக்குத் தெரியாது. எரியாத பெற்றோல், புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிற்றிக் கொன்வேர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது. அது உருகி அடைத்துக்கொள்ளும். புகை வெளியேற வழியில்லாமல் சூடு எஞ்சினுக்கே திரும்பி, ரோட்டர் ஓரங்களில் வாயு கசியாமல் அடைக்கும் சீல்களைத் தின்னும். ஒரு கொயிலைக் கவனிக்காமல் விட்டதால் முழு எஞ்சினும் போன கதை இப்படித்தான் நடக்கிறது. நான்கு கொயில், நான்கு பிளக், வயர்கள் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றுங்கள். லீடிங் பிளக்கும் ட்ரெய்லிங் பிளக்கும் வேறு வேறு வகை, இடம் மாற்றிப் போடக்கூடாது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ரீகண்டிஷன் கொயில் கிடைத்தாலும் வாங்காதீர்கள், அது எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று விற்பவருக்கே தெரியாது.

அப்புறம் மூச்சு, அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் வழி. 1991இல் லு மான் பந்தயத்தை வென்ற மஸ்டா 787பி காரிலும் டர்போ கிடையாது. நான்கு ரோட்டர், 2.6 லீற்றர், 9,000 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 700 குதிரைவலு. எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப நீளம் மாறும் இன்டேக் குழாய்கள் அதில் இருந்தன. காற்று நுழைய ஆறு துளைகள் (போர்ட்) உள்ள ஆர்எக்ஸ்-8இல் அதே எண்ணத்தை மூன்று வால்வுகள் நிறைவேற்றுகின்றன: சுமார் 3,750, 6,250, 7,250 ஆர்பிஎம்மில் ஒவ்வொன்றாகத் திறக்கும். கொழும்பு நெரிசலில் மட்டும் ஓடிய காரில் இவை கரி பிடித்து இறுகிவிடும், மேல் ஆர்பிஎம்மில் கார் இழுக்காது. கழற்றிச் சுத்தம் செய்தால் வித்தியாசம் உடனே தெரியும். சோதிக்க அதிவேகப் பாதை போதும். எஞ்சின் நன்றாகச் சூடான பின், வீதி காலியாக இருக்கும்போது, இரண்டாம் கியரில் 7,500 வரை கொண்டு போங்கள். வேகம் 90 கிலோமீற்றர் அளவில்தான் இருக்கும், 100 என்ற வரம்பைத் தாண்டாது. ஏர் ஃபில்டர் பெட்டியை மட்டும் கழற்றாதீர்கள். அது முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை எடுக்கிறது, திறந்த கூம்பு ஃபில்டர் பானட்டுக்குள் இருக்கும் சூட்டைத்தான் உறிஞ்சும்.

எக்சோஸ்ட் விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பழைய ஆர்எக்ஸ்-7இல் புகைத் துளை ரோட்டரைச் சுற்றியுள்ள உறையின் வளைந்த சுவரில் இருந்தது. ஆர்எக்ஸ்-8இல் அது பக்கச் சுவருக்கு வந்துவிட்டதால், பைப் மாற்றினால் கிடைப்பது குறைவு. கட்டலிற்றிக் அடைத்திருந்தால் புகை தாராளமாகப் போகும் புதியது ஒன்றைப் போடுங்கள். முழுவதும் எடுத்துவிட்டால் வருடாந்தப் புகைப் பரிசோதனையில் சிக்கல்.

ஒயில், சூடு இரண்டையும் விட்டுவிடாதீர்கள். இந்த எஞ்சின், ரோட்டர் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல்களுக்காக ஒயிலை எரிக்கும்படியே செய்யப்பட்டது, ஆகவே பெற்றோல் அடிக்கும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். நான் 95 ஒக்டேன் பெற்றோலில் லீற்றருக்கு 4 மில்லிலீற்றர் டூ ஸ்ட்ரோக் ஒயிலும் கலக்கிறேன். டாஷ்போர்டில் உள்ள வெப்பமானியை நம்பாதீர்கள், எஞ்சின் ஆபத்தான அளவுக்குச் சூடாகும்வரை முள் நடுவிலேயே நிற்கும். தனி கேஜ் ஒன்று பூட்டுங்கள்.

இவ்வளவும் சரி என்றால் மட்டும் ஈசியூ டியூனிங், அதாவது எஞ்சினை நடத்தும் கணினியின் அமைப்பை மாற்றுவது. எக்சோஸ்டில் வைட்பேண்ட் ஒட்சிசன் சென்சர் வைத்து காற்று-பெற்றோல் கலவையைப் பதிவு செய்து காட்டும் ஆளிடம் மட்டும் காரைக் கொடுங்கள். போர்ட்டிங் (துளைகளைப் பெரிதாக்குவது) செய்ய எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டும். எப்படியும் ரீபில்ட் செய்யும் நாள் வரும்போது அதை யோசிக்கலாம்.