கடலில் பிடிபட்ட வழக்கும் வெளிநாட்டு நீண்டகால விசாவும்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ராமேஸ்வரம் பகுதிகளில் இலங்கைக் கடற்படையிடம் பிடிபட்டுச் சிறையில் இருந்து திரும்பிய மீனவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாட்டு நீண்டகால விசா கோரும்போது, எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா என்று விண்ணப்பம் கேட்கும். “அதுதான் விடுதலை செய்து அனுப்பிவிட்டார்களே” என்று எண்ணி ‘இல்லை’ என்று குறிப்பதே இதில் நேரும் பெரிய ஆபத்து.

விடுதலை என்ற சொல்லுக்குள் இரண்டு வேறுபட்ட முடிவுகள் இருக்கின்றன. சில வழக்குகள் தண்டனை எதுவும் இல்லாமல் கைவிடப்படுகின்றன. வேறு பல வழக்குகளில் மன்னார், ஊர்காவற்துறை போன்ற நீதிமன்றங்கள் சிறைத்தண்டனை விதித்து, அதைச் சில ஆண்டுகளுக்கு ஒத்திவைத்து, மீனவரை ஊருக்கு அனுப்புகின்றன. ஒத்திவைத்தாலும் அது குற்றத் தீர்ப்புதான். கேட்கும் இடத்தில் சொல்லியாக வேண்டும். ஆகவே முதல் வேலை, தீர்ப்பின் சான்றிட்ட நகலைப் பெறுவது. பிடிபட்ட தேதி, படகின் பதிவு எண், வழக்கு எண் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அங்கே ஆஜரான வழக்கறிஞர் மூலம் நகல் கேட்கலாம். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் எழுதிக் கேட்கலாம். வட மாகாண நீதிமன்றங்கள் தமிழில் நடப்பவை என்பதால், விசாவுக்கு அந்த நகலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்ப்பாளரின் கையொப்பத்தோடு இணைக்க வேண்டியிருக்கும்.

பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது: அவசரச் சான்றிதழில் இந்தியா திரும்பியதுண்டா, நாடு கடத்தப்பட்டதுண்டா என்பது. இலங்கையில் இருந்து தூதரகம் கொடுத்த தற்காலிகப் பயணத் தாளில் விமானம் ஏறியவர்கள் இதற்கு ‘ஆம்’ என்றே குறித்து, அதன் எண்ணையும் தேதியையும் எழுத வேண்டும். அந்தத் தாளின் நகல் கையில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

உள்ளூர் வழக்குகளுக்கு வருவோம். மறியல் வழக்கானாலும் அடிதடி வழக்கானாலும், அது எந்த நிலையில் நிற்கிறது என்பதே கேள்வி. முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்து, நீதிமன்றம் இன்னும் வழக்கை விசாரணைக்கு ஏற்றுக் கோப்பில் எடுக்கவில்லை என்றால், பாஸ்போர்ட் சட்டத்தின் பொருளில் அது நிலுவை வழக்காகாது. கோப்பில் எடுக்கப்பட்டுவிட்டால், குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்கும் 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு குறுக்கே நிற்கும். வழக்கின் நிலையைக் காட்டும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில், ஒவ்வொரு வழக்குக்கும் உரிய 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இதைப் பார்த்துக்கொள்ளலாம். நிலுவையில் இருந்தாலும், வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி பெற்றால், 25.08.1993 தேதியிட்ட மத்திய அரசின் அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் பெற முடியும். இங்கே பலர் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு: அனுமதி உத்தரவில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால், பாஸ்போர்ட் ஓராண்டுக்குத்தான் கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு நீண்டகால விசா வாங்குவது மிகவும் கடினம். எனவே பாஸ்போர்ட் எத்தனை ஆண்டுகளுக்கு வழங்கப்பட வேண்டும் என்பதையும், எதற்காக என்பதையும் மனுவிலேயே எழுதி, உத்தரவில் அந்தக் காலம் இடம்பெறுமாறு கேட்கும்படி உங்கள் வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள். வலுவற்ற பழைய வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகும் வழியும் இருக்கிறது. விசாவுக்கு முன்பாகவே அதை முடித்துக்கொள்வது நல்லது.

அடுத்து காவல்துறை நன்னடத்தைச் சான்றிதழ். ராமநாதபுரம் மாவட்டத்தவர் மதுரை மண்டலப் பாஸ்போர்ட் அலுவலக எல்லைக்குள் வருகிறார்கள்; பாஸ்போர்ட் சேவா தளத்தில் ரூ.500 கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். இந்தச் சான்றிதழ் இந்தியப் பதிவுகளை மட்டுமே பேசும். இலங்கைத் தீர்ப்பு அதில் இடம்பெறாது என்பதால் அதை மறைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் பணம் கொடுக்காதீர்கள். விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும், அதில் உள்ள பொய்க்குக் கையொப்பமிட்டவரே பொறுப்பு. பொய்த் தகவலுக்காகக் கனடா 5 ஆண்டுகள் தடை விதிக்கிறது. பிரிட்டனில் ஏமாற்று என்று முடிவானால் தடை 10 ஆண்டுகள் வரை நீளலாம். ஒளிவுமறைவின்றிச் சொன்ன சிறு தண்டனையால் வரும் இடர் பெரும்பாலும் இதைவிடக் குறைவு.

ஒரே தீர்ப்பை நாடுகள் வேறுவேறு விதமாக எடைபோடுகின்றன. பிரிட்டனில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்கு விசா மறுக்கப்படும். ஒத்திவைக்கப்பட்ட தண்டனை அந்தக் கணக்கில் வருமா என்பதை விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவிலும் 12 மாதம்தான் எல்லை, அங்கே ஒத்திவைத்த தண்டனையும் சேரும். கனடாவோ, செய்த செயல் தன் சட்டப்படியும் குற்றமா என்று பார்க்கிறது. தண்டனை முழுவதும் முடிந்து 5 ஆண்டுகள் ஆனவர், மறுவாழ்வு பெற்றவராகத் தம்மை ஏற்கும்படி அங்கே விண்ணப்பிக்கலாம். தீர்ப்பு நகலில் உள்ள மாதக் கணக்கைப் படித்த பிறகே நாட்டைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

விண்ணப்பத்தோடு ஒரு பக்க விளக்கக் கடிதம் வையுங்கள். பிடிபட்ட தேதி, எந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு, என்ன தண்டனை, எப்போது விடுதலை, அதன் பின் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பவற்றை அந்த வரிசையிலேயே எழுதுங்கள். கடல் எல்லை தாண்டி மீன்பிடித்த வழக்கு என்றால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அது திருட்டோ வன்முறையோ அல்ல என்பது கோப்பைப் படிக்கும் அதிகாரிக்குத் தானாகத் தெரியாது. கச்சத்தீவு அரசியலும், கடற்படை மீதான நியாயமான கோபமும் அந்தக் கடிதத்தில் வேண்டாம்.

விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தில் குறிப்பிட்டுள்ள சட்டப் பிரிவை வழக்கறிஞரிடம் காட்டி, மேல்முறையீடோ மறுபரிசீலனையோ உண்டா, அதற்குக் கெடு என்ன என்று உடனே கேளுங்கள். அடுத்த முறை எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், முந்தைய மறுப்பைப் பற்றிக் கேள்வி இருந்தால் இதையும் குறிப்பிட வேண்டும்.